ஞாயிறு தோறும் ஒரு குவாட்டர்பேக்கைச் சந்தேகித்தோம்

கமரா பிடிக்கிறவனை இந்த உலகத்தில் யாரும் முழுதாக நம்புவதில்லை. கலியாண வீடியோ என்றால் மாப்பிள்ளை பக்கம் கூடவா, பெண் பக்கம் கூடவா என்று நிமிடக் கணக்குப் பார்ப்பார்கள். பிறந்தநாள் வீடியோ என்றால் தன்னைக் குண்டாகக் காட்டிவிட்டதாகக் கோபிப்பார்கள். புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில் பதினெட்டு வருடமாக இந்தப் பழியைச் சுமக்கிற எனக்கு, போன வருடம் ஒரு கிரிட்அயன் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைப் படமெடுக்கிற வேலையும் வந்து சேர்ந்தது. என்னைப் போலவே ட்ரைபொட் தூக்கித் தோள் தேய்ந்த சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

கிரிட்அயன் என்றால் அமெரிக்கர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடும் காற்பந்து. அதில் குவாட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. பந்து முதலில் அவன் கைக்கு வரும். ஐந்து தடியன்கள் அவனுக்கு முன்னால் அரண் கட்டி நிற்பார்கள். அந்த அரணுக்குள் மூன்று நான்கு விநாடி நின்று, ஓடுகிற தன் ஆளைத் தேடிப் பந்தை எறிய வேண்டும். அவன் நிற்கிற அந்தச் சின்ன இடத்துக்குப் பொக்கெட் என்று பெயர். எங்கள் கிளப்பின் குவாட்டர்பேக் ரோஷன். பத்தொன்பது வயது, மன்னாரிலிருந்து வந்த குடும்பம். சீசன் முடிவில் அவனுடைய வீடியோவை அனுப்பச் சொல்லி அமெரிக்காவில் ஒரு கல்லூரி கேட்டிருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் படிப்பும் இருப்பிடமும் இலவசம். அந்த வீடியோவை வெட்டி ஒட்டித் தரவேண்டியவன் நான். பிறகென்ன, சந்தேகம் என்னிலிருந்தே தொடங்கியது.

மணப்பெண்ணின் முகம்

முதல் ஆட்டத்தில் நான் விட்ட பிழையைக் கலியாண வீடியோக்காரன் ஒருவன்தான் விடுவான். தாலி ஏறிய அடுத்த கணம் கமரா எங்கே போகும்? மணப்பெண்ணின் முகத்துக்கு. அங்கிருந்து அவளுடைய அம்மாவின் கண்ணீருக்கு. பதினெட்டு வருடப் பழக்கம் இலேசில் கையை விட்டுப் போகுமா? ரோஷன் பந்தை எறிந்த உடனே அவன் முகத்துக்கு ஸூம் போனேன். பிறகு, கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அவன் அம்மா ஜெசிந்தா அக்காவிடம் போனேன். பூசை முடிந்து நேரே வந்தவர், கையில் செபமாலை. வெளிச்சமும் நன்றாக விழுந்திருந்தது. பந்து எங்கே போனது, யார் பிடித்தார், யார் தவறவிட்டார் என்று மட்டும் படத்தில் எதுவும் இல்லை.

கோச் டெரன் எப்போதும் சூயிங் கம் மெல்லுகிற ஆள். கிளப் அறையில் பையன்கள் எல்லோரையும் இருத்தி இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார். ஜெசிந்தா அக்கா ஏழாவது தடவையாகத் திரையில் வந்தபோது என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ரவி, இவனுடைய அம்மா நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அவருக்கு நான் அரண் கட்டத் தேவையில்லை."

பந்தில்லாதவன்

குவாட்டர்பேக்கின் தொழிலில் பாதி பொய். பந்தைப் பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பதுபோல் கையை நீட்டுவான், கொடுக்கமாட்டான். எதிரணி ஏமாறுவதற்காகச் செய்கிற வேலை அது. எதிரணியோடு சேர்ந்து நானும் ஏமாந்தேன். ஓடுகிறவனை விடாமல் துரத்தினேன், அவனுக்கு மேல் ஐந்தாறு பேர் விழுந்து எழும்பும்வரை ஆடாமல் அசையாமல் படமெடுத்தேன். அதே நேரம் ரோஷன் பந்தை மைதானத்தின் மறுகோடிக்கு எறிந்து, அங்கே ஒருவன் அதைப் பிடித்து, சனம் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தது. அந்த சீசனிலேயே அவன் எறிந்த மிகச் சிறந்த பந்து அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் இருந்ததோ மனிதக் குவியல் ஒன்று.

செல்வா அங்கிளை நீங்கள் எந்த மைதானத்திலும் காணலாம். பென்சன் எடுத்தவர், மடக்குக் கதிரையும் பிளாஸ்கும் கொண்டு வருவார், யாரையும் நம்பமாட்டார். எங்கள் கிளப்பில் ஜேக் என்று இரண்டாவது குவாட்டர்பேக் ஒருவன் இருந்தான், ரோஷனின் இடத்துக்குக் காத்திருப்பவன். ஜேக்கின் தகப்பன் அன்று காலை எனக்குப் பாணில் சுற்றிய சொசேஜ் ஒன்று வாங்கித் தந்ததை அங்கிள் கண்டுவிட்டார், ரோஷனின் பந்தை நான் வேண்டுமென்றே விட்டதாக முடிவும் கட்டிவிட்டார். நான் எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன். பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "தம்பி, ஒரு சொசேஜுக்கு விலைபோன ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

திங்கட்கிழமைப் பண்டிதர்

கார்த்திக் பக்கத்துப் புறநகரான கிளென் வேவர்லியில் இருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர், ஐ.டி. வேலை. அமெரிக்காவின் ஞாயிறு ஆட்டங்கள் இங்கே திங்கள் காலையில் காட்டப்படுகின்றன. அவருக்கு எல்லாத் திங்களும் வீட்டிலிருந்தே வேலை என்பது தற்செயல் என்று அவர் சொல்கிறார், நான் நம்பவில்லை. ஒருநாளும் ஹெல்மெட் போட்டவரில்லை. ஆனால் எங்கள் ஆட்டம் ஒன்றையும் தவறவிடமாட்டார், ரோஷன் எறிகிற ஒவ்வொரு பந்துக்கும் அவரிடம் தீர்ப்பு உண்டு. பந்து தளும்பாமல் சுழன்று போகிறது, நல்லது. ஓடுகிறவன் திரும்புவதற்கு முன்பே எறிந்துவிடுகிறான், மிக நல்லது.

ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனுடைய கை, ரோஷனின் ஹெல்மெட் கம்பிக்குள்ளால் போய் முகத்தில் இடித்துவிட்டது. கண் இரண்டு நாள் சிவந்திருந்தது, பிறகு சுகம் என்றான். அதற்குப் பின் அவன் ஆட்டம் மாறியது. பக்கவாட்டில் வருகிறவனை உணராமல் அரணுக்குள் மரம்போல் நின்று அடி வாங்கினான். கார்த்திக்குக்குக் காரணம் தேடவே தேவையிருக்கவில்லை. பையனுக்குப் பயம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். சனமெல்லாம் அதையே சொல்லத் தொடங்கியது. கார்த்திக் என் காதருகே குனிந்து முடிவாகச் சொன்னார்: "பாஸ், இவன் கை அமெரிக்கா போயிடும், கால் டண்டினொங்லயே நின்னுடும்."

இடது பக்கத்துத் தடியன்

நான் அப்படி நம்பவில்லை. ஒரே அடியை ஸ்லோ மோஷனில் இருபது தடவை பார்க்கிற பாவி நான். வலது பக்கத்தால் ஆள் வந்தால் ரோஷன் மீன்மாதிரி வழுக்கிப் போகிறான். இடது பக்கத்தால் வந்தால் மட்டும் விழுகிறான். கார்த்திக்கிடம் கேட்டேன். வலது கைக்காரன் எறியும்போது இடது பக்கம் அவன் முதுகாகிவிடும், உலகத்தில் எல்லோருக்கும் அங்கேதான் அடி விழும் என்றார். எனக்கு அது போதவில்லை. இடது பக்கம் அரண் காக்கிறவன் மிக், பிளம்பர் வேலை செய்கிற மலை மாதிரியான ஆள், ஜேக்கின் உற்ற சினேகிதன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிக் வேண்டுமென்றே வழி விடுகிறான்!

தடயங்களை போனில் ஏற்றிக்கொண்டு, பயிற்சி முடிந்த நேரம் பார்த்து மிக்கைப் பிடித்தேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் அவன் வேனை வைத்துக்கொண்டுதான் பேசினேன், நான் ஒன்றும் மடையன் இல்லை. அவன் கோபிக்கவேயில்லை. வீடியோவை வாங்கி நான்கு தரம் பார்த்தான். எதிரணிக்காரனை அரணுக்கு வெளியே, ரோஷனுக்குப் பின்னால் போகிற மாதிரிப் பெரிய வட்டமாக அவன் தள்ளிக்கொண்டு போவது படத்தில் தெளிவாகவே தெரிந்தது. பார்க்கத் தெரியாதவன் நான்தான். வெட்கமாய்ப் போய்விட்டது. போனைத் திருப்பித் தந்துகொண்டு மிக் சொன்னான்: "ரோஷன் ஒரே ஒரு அடி முன்னால் வைத்தால் தப்பிவிடுவான், அதை ஏன் வைக்கிறானில்லை என்று நீயே அவனைக் கேட்டுப் பார்."

கோப்பிக் கோப்பை

கல்லூரிக்குப் போகிற நான்கு நிமிட வீடியோவுக்குத் துண்டுகள் தெரிவு செய்ய ரோஷன் என் கராஜுக்கு வந்தான். அங்கேதான் என் எடிட்டிங் மேசை. கோப்பியை அவனுடைய இடது கைப்பக்கம் வைத்தேன். சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் முழங்கை பட்டுக் கோப்பி முழுவதும் கீபோர்ட்டில். மன்னிப்புக் கேட்டான். கோபத்தை அடக்கிக்கொண்டு இன்னொரு கோப்பி கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன். அதையும் தட்டினான்.

சந்தேகப்படுவது எனக்குத் தொழில் வியாதி. படத்தைக் காட்டுகிற சாட்டில் அவனுக்கு இடப்பக்கம் போய் நின்று, அவன் காதுக்கு நேரே இரண்டு விரலை ஆட்டினேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வலப்பக்கம் போய் அதையே செய்தேன். "வட் ஆர் யூ டூயிங், அங்கிள்?" என்று உடனே திரும்பினான். நான் ஏன் ஆட்டினேன் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. முகம் வெளிறிப் போனது. இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ நிற்கிறதாம், மூன்று கிழமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறதாம். வீட்டில் சொல்லவில்லை, கோச்சிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டத்தால் நிப்பாட்டிவிடுவார்கள், அமெரிக்கா கையை விட்டுப் போய்விடும். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அங்கிள் ப்ளீஸ், வீடியோ போகட்டும், அதுக்குப் பிறகு டொக்டரிட்ட போறன், ப்ரொமிஸ்."

ஒன்பது துண்டு

அவன் போனபின் நான் பயந்தேன். உண்மையாகவே பயந்தேன். சொல்லாவிட்டால் பையனின் கண். சொன்னால் அவன் எதிர்காலம். சொன்னாலும் யார் நம்புவார்கள்? நான்தான் சொசேஜுக்கு விலைபோனவனாயிற்றே. அவன் அழகாக எறிந்த பந்துகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இடப்பக்கத்தால் அடி விழுந்த ஒன்பது துண்டுகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினேன். பாட்டு இல்லை, ஸ்லோ மோஷன் இல்லை, சத்தமும் இல்லை. நேரே டெரனிடம் கொண்டுபோனேன்.

எதிர்பார்த்ததைத்தான் முதலில் கேட்டார்: இதைச் செய்யச் சொன்னது ஜேக்கின் அப்பாவா? பந்தைப் பார்க்க வேண்டாம், ரோஷனின் ஹெல்மெட்டை மட்டும் பாருங்கள் என்றேன். மூன்றாவது துண்டில் அவர் மெல்லுவதை நிப்பாட்டினார். ஆள் கையெட்டும் தூரத்துக்கு வந்த பிறகும் ஹெல்மெட் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. பயந்தவன் என்றால் திடுக்கிட்டாவது திரும்பியிருப்பான். இவனுக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியவில்லை. ஒன்பதாவது முடிந்ததும் ரோஷன் சொன்னதை முழுக்கச் சொன்னேன், டெரன் போனை எடுத்தார். ரோஷன் தன் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான் என்றேன். நம்பரை அழுத்தப்போன விரல் அப்படியே நின்றது: "கடவுளே, ரவி, மூன்று கிழமையாக அவன் காரும் ஓடுகிறானா?"

சத்தம்

கண்ணுக்குள்ளே இருக்கிற மெல்லிய படலம் கழன்றிருந்ததாம். உடனே ஒப்பரேஷன் செய்தார்கள். பார்வை பிழைத்தது, ஓரத்தில் கொஞ்சம் போனது போனதுதான். இனி ஹெல்மெட் போடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கல்லூரி அனுதாபம் தெரிவித்து ஈமெயில் அனுப்பியது. வீடியோக்காரன் பையனின் அமெரிக்காவைக் கெடுத்துவிட்டான் என்று டண்டினொங்கில் ஒரு கதை ஓடியது. செல்வா அங்கிள் என்னைக் கடையில் கண்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தார்.

ஒரு மாதம் கழித்து ஜெசிந்தா அக்கா கராஜுக்கு வந்தார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் ஏசவில்லை. அந்த ஒன்பது துண்டையும் தனக்குக் காட்டச் சொன்னார். காட்டினேன். சத்தத்தோடு போடச் சொன்னார். வேண்டாம் அக்கா என்றேன். கேட்கவில்லை. கமராவின் மைக் சனத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஒன்றையும் விடவில்லை. "பயந்துட்டான் பாஸ்" என்று கார்த்திக். "காலை எடடா!" என்று செல்வா அங்கிள். "இவன் இனிச் சரிவர மாட்டான்" என்று கமராவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒரு குரல். அது நான்தான். ஏழாவது துண்டில், ரோஷன் விழுந்து எழும்ப முடியாமல் கிடப்பதற்கு முந்திய கணம், எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு பெண்குரல்: "பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்காத, திரும்பிப் பாரடா!"

அதை இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். கேட்டுக்கொண்டு இருந்தவரின் கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. கதிரையால் எழும்பி ஹான்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அவன் ஒருநாளைக்கு இதைக் கேட்டு வருவான், குடுக்கத்தான் வேணும், என்ர குரலை மட்டும் எடுத்துப்போட்டுக் குடுங்கோ, மற்றவையின்ர இருக்கட்டும்."

அவருடைய குரலை எடுத்த கையோடு என்னுடையதையும் எடுத்துவிட்டேன். கார்த்திக்கும் செல்வா அங்கிளும் மட்டும் அதில் இன்னமும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.