பத்தக்காவின் ரம்பம்

எங்கள் தெருவில் என் அக்காவின் பெயர் யாருக்கும் தெரியாது. "பத்தக்கா" என்றால்தான் தெரியும். ஜன்னல் சட்டம் செய்கிற தச்சு வேலை அவளுக்கு. மின்ரம்பத்தின் சுவிட்சை விட்டதும் கையைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டுப் பத்து வரை எண்ணுவாள். அதன் பிறகுதான் அறுபட்ட துண்டைத் தொடுவாள். அவசரக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பழைய ரம்பத்துக்கு அது சரி. சுவிட்சை விட்டாலும் அதன் பிளேடு அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். போன வருடம் பிரேக் வைத்த புது ரம்பத்தை வாங்கி வந்தவன் நான். மோட்டார் ரிப்பேர்தான் என் தொழில். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சுவிட்ச விட்டா வெளிக் கரண்ட் நின்னுடும்க்கா. ஆனா பிளேடு சுத்துற வேகத்துல மோட்டாரே கரண்ட் உண்டாக்கும். அந்தக் கரண்டே பிளேட இழுத்துப் பிடிச்சிடும். ரெண்டு எண்ணுறதுக்குள்ள நிக்கும் பாரு."

நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அக்கா மட்டும் "மூணு, நாலு" என்று போய்க்கொண்டிருந்தாள்.

"அதான் நின்னுடுச்சே. இன்னும் எதுக்குப் பத்து?"

"நீ உன் வேலையப் பாரு."

நேற்று ஜன்னல் கேட்டு வந்தவரிடம் பிரேக்கைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். ஒரு கட்டையை அறுத்தும் காட்டினேன். சுவிட்சை விட்டேன். ஒன்று, இரண்டு. அவர் முகத்தைப் பார்த்தபடியே துண்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "மூணு," என்றாள்.

பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து இழைப்பு மெஷினின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. எட்டில்தான் நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மோட்டாரைத் திறந்தேன். உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டுகள் இரண்டும் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவை சரியாகத் தொட்டால்தான் பிரேக் பிடிக்கும். ஊரார் மோட்டாருக்கெல்லாம் கார்பன் மாற்றுகிறவன், வீட்டு ரம்பத்தை ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

புதுக் கார்பன் போட்டு ஓட்டினேன். இரண்டுக்குள் சட்டென்று நின்றது. கத்த வேண்டும்போல் சந்தோஷம். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு பத்து வரை எண்ணினேன்.

"இப்பவாவது சொல்லுக்கா. ஏன் பத்து?"

அக்கா என் இரண்டு கைகளையும் இழுத்து, விரல் விரலாகத் தொட்டு எண்ணினாள். "பத்து. சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டத்தை எடுத்தாள்.