உரல் தேய அரைத்தவர்

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பலவிதமாக அறிந்திருப்பீர்கள். சிலருக்கு டாக்டர் மேடம், சிலருக்கு மாமி. ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்பது நம்மில் பலருக்குக் கடைசிவரை தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் என்னைத் தனியே அழைத்து, "அணு சமாச்சாரத்துல இருந்தாளே, அதனாலயா?" என்று கேட்டார்கள். இல்லை. இதயம்தான் காரணம். அச்சிலேயே போட்டுவிட்டேன், இனி யாரும் கேட்க வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து கோயில் வேலைக்கு வந்து, திருவனந்தபுரம் கோட்டைக்குள் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அக்கா பிறந்தது பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு அருகே ஒரு வீட்டில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். டியூஷன் எடுத்து எங்களையும் பார்த்துக்கொண்டு அக்கா எம்.எஸ்ஸி. முடித்தார். பிறகு தம்பானூரில் ரயிலேறி, வெளிமாநிலத்தில் ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கல்யாணத்துக்குப் பின் திருவனந்தபுரத்திலேயே ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

அணு உலையில் மிஞ்சும் கழிவை என்ன செய்வது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தக் கழிவிலுள்ள தனிமங்களைத் தனக்குள் பிடித்துவைத்து, எந்தக் காலத்திலும் கசியவிடாத ஒரு கல்லை நாமே உண்டாக்க வேண்டும். பொடிகளை அளந்து கலந்து, அகேட் என்னும் கெட்டியான கல்லில் செய்த சிறு உரலில் கையால் அரைத்து, வில்லையாக அழுத்தி, மின்சூளையில் சுடுவார்கள். பிறகு அதை உடைத்து மறுபடி அரைத்து, மறுபடி சுடுவார்கள். அரைத்தது போதும் என்று அக்காவுக்குத் தோன்றவே தோன்றாது. "உங்க அக்கா கையில கொடுத்தா உரலும் சேர்ந்து மாவாயிடும்" என்று அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், கேலி செய்வார்.

அப்படித்தான் ஆயிற்று.

புதிய கல் ஒன்று கிடைத்துவிட்டதென்று அக்கா கட்டுரை வெளியிட்டார். அடுத்த துறைத் தலைவர் அவர்தான் என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சமயத்தில் இங்கே ஒரு கருத்தரங்கு நடந்தது. அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் எழுந்து, "நீங்க எழுதின மாதிரியே செஞ்சு பார்த்தேன். எனக்கு வரல மேடம்" என்றார். பலர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் அவரை உட்காரச் சொன்னார்.

"உட்காராதேம்மா. எத்தனை நேரம் அரைச்சே, சொல்லு" என்றார் அக்கா.

அந்தப் பெண் கட்டுரையில் கண்ட அளவுக்குத்தான் அரைத்திருந்தார். அக்காவோ மனசு ஆறாமல் அதற்கு மேலும் அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். திரும்பச் சோதித்துப் பார்த்ததில், உரல் தேய்ந்து, அந்த அகேட் கல்லிலுள்ள சிலிக்கா என்னும் பொருள் அரைத்த பொடியோடு கலந்திருப்பது தெரிந்தது. புதிய கல் உருவானது நிஜம். அதில் உரலுக்கும் பங்கு இருந்தது என்பதும் நிஜம்.

பேசாமல் இருந்துவிடுமாறு உடன் வேலை செய்தவர்களே யோசனை சொன்னார்கள். "இதை யாரு தோண்டிப் பார்க்கப் போறா?" என்றார் அத்திம்பேர்.

"கழிவை அடைச்சு மண்ணுக்குள்ள வைக்கற கல்லாக்கும் இது. நாம எல்லாரும் போனப்புறமும் கசியாம இருக்கணும். அப்போ கசிஞ்சா, பதில் சொல்ல நான் இருக்க மாட்டேனே" என்றார் அக்கா.

கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. உரல் கேலியை அதன்பின் அத்திம்பேர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணையே அக்கா தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். சிலிக்காவை முறையாக அளந்து சேர்த்து, வேறு உரலில் அரைத்து, இருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை யார் செய்தாலும் அந்தக் கல் வந்தது. புதிய கட்டுரையில் அந்தப் பெண்ணின் பெயரை முதலில் போட்டார். ஓய்வு பெறும்வரை அக்கா துறைத் தலைவராகவில்லை. எனக்கு அதில் இன்றும் ஆற்றாமை உண்டு. அக்காவுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாளில் அக்கா என்னிடம், "நீ எனக்கு மலர் கிலர்னு ஏதாவது போடுவே, தெரியும். போட்டா அந்தப் பொண்ணுக்குத்தான் முதல் நன்றி, கேட்டியா" என்றார். இதை எழுத உட்கார்ந்தபோது, "ஊரே படிக்கற மலர்ல அவ தப்பையா போடறது?" என்று அத்திம்பேர் கோபப்பட்டார். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அத்திம்பேர் எழுந்து போய்விட்டார்.

ஆகவே, அன்று அரங்கில் எழுந்து நின்று "எனக்கு வரல" என்று சொன்னவரும், இன்று பேராசிரியராக இருப்பவருமான அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி. அக்காவைக் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், காரியங்கள் முடியும்வரை எங்களுக்குச் சமையலை மறக்கவைத்த தெருக்காரர்கள், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அச்சுக்குப் போகுமுன் இதைப் படித்துப் பார்த்த அத்திம்பேருக்கும் நன்றி. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நன்னா அரைச்சிருக்கே. உரல் எதுவும் கலக்கலையே?" என்றார்.

இல்லை என்றேன்.