வராத குருவியைக் காட்டியவர்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பைனாகுலர் என்றால்தான் தெரியும். பாலைநிலத்தில் பறவை பார்க்க வருகிறவர்களை ஜீப்பில் கூட்டிப் போவது தொழில். எங்கோ புதருக்குள் அசைவது அவருக்குத் தெரியும். மேசைமேல் இருக்கும் சாவியை மட்டும் நான்தான் எடுத்துத் தர வேண்டும்.

குளிர் தொடங்கினால் எங்கிருந்தோ பாலைக் கதிர்க்குருவி வந்து இறங்கும். கைக்குள் அடங்குகிற உடம்பு, மண் நிறம், மஞ்சள் கண். கிளையில் உட்காருவதைவிடப் புதரடியில் எலி மாதிரி ஓடுவதுதான் அதிகம். இந்த வருஷம் அது வரத் தாமதம்.

அதைப் பார்க்கவென்றே ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வந்தார். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது.

"முழுசா போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும் தம்பி" என்றாராம்.

'இன்னும் வரலைம்மா' என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. பேர் எடுத்த மனுஷன் அல்லவா, கௌரவம் என்னாவது! வருஷம் முழுக்க இங்கேயே திரிகிற ஏதோ ஒரு குருவியைக் காட்டி, "அதோ, அதுதாம்மா. மஞ்சக் கண்ணு தெரியுதா?" என்று கூசாமல் கேட்டிருக்கிறார்.

"தெரியுதுப்பா, தெரியுது" என்று அந்த அம்மா அழுதேவிட்டார். அந்தக் குருவிக்குக் கண் மஞ்சளே இல்லை.

திரும்பி வருகிற வழியில், ஜீப்புக்கு நேர் முன்னால், புதரடியில் அசல் கதிர்க்குருவி ஓடியது. டீச்சரம்மா பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். இதைக் காட்டினால், காலையில் காட்டியது என்ன என்று கேட்பாரே. இவர் ஹாரனை அழுத்தினார். குருவி பறந்துவிட்டது.

"என்னப்பா, ஏதாவது குறுக்க வந்துச்சா?"

"ஆடும்மா."

"ஐயோ, அடிபடலயே?"

"இல்லம்மா."

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டில் போட்ட சோறு ஆறிக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேரைக் காப்பாத்த ஒரு பொய், பொய்யைக் காப்பாத்த ஒரு ஹாரன். நல்லா இருக்கு உங்க தொழில்!"

நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவர், ஆறிய தட்டைத் தள்ளி வைத்தார்.

"வெக்கமா இருக்குடி" என்றார். "உண்மையைச் சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பாங்க. ஆனா பாத்திருப்பாங்கல்ல?"