இரண்டு அணிகளின் அழுக்குத் துணி

என் அக்காவுக்கு வாய் சின்னது, எனக்குப் பெரியது. மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அக்கா நடத்துவது சலவைக் கடை. மூன்று துவைக்கும் மெஷின், துணி காய வைக்க ஒரு மெஷின், இஸ்திரி மேசை இரண்டு. அதில் ஒரு மேசைக்குப் பின்னால் நான். எங்கள் ஊரில் கல்லூரிகள் இரண்டு, மேட்டில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று. இரண்டிலும் பெண்கள் கால்பந்து அணி உண்டு. ஒருத்தரை ஒருத்தர் பஸ்ஸில் பார்த்தால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆனால் அழுக்குத் துணி மட்டும் இரண்டு பேருடையதும் எங்கள் கடைக்குத்தான் வரும்.

அதற்குக் காரணம் அக்காவின் வாய்தான். கடை போடுவதற்கு முன் பதினோரு வருடம் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைத்தாள். எந்த வார்டில் யார் தேறமாட்டார் என்பது படுக்கை விரிப்பைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு அப்புறம்தான் தெரியும். ஒருநாள்கூட யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கடை போட்டதும் இரண்டு கல்லூரிப் பயிற்சியாளர்களும் வந்து, "அவங்க துணியும் இங்கதான் வருமா?" என்று தயங்கி நின்றார்கள். "துணியில பாத்தது இந்தக் கடையத் தாண்டாது" என்றாள் அக்கா. எட்டு வருடமாக அந்தச் சொல்லில்தான் கடை ஓடுகிறது. அவள் மகளே ஆற்றங்கரை அணியில் சேர்ந்த பிறகும் மேட்டுக் கல்லூரிக்காரர்கள் துணியை வேறு கடைக்குக் கொண்டுபோகவில்லை.

அந்த மகளை நாங்கள் குருவி என்று கூப்பிடுவோம். மேட்டுக் கல்லூரியோடு நடந்த போன வருட இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடப் பெனால்டியை அவள்தான் அடித்தாள். பந்து கீப்பரின் இடது பக்கம் போய்க் கம்பத்தில் பட்டு வெளியே போனது. தோற்றார்கள். ஒரு வாரம் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து தினமும் சாயங்காலம் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். இது அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம், இனி ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. அதுவும் அதே மேட்டுக் கல்லூரியோடு.

அந்த வாரம் தெருவே இரண்டு கட்சியாகிவிட்டது. பக்கத்துச் சலூன்காரர் கத்தரியும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்று கணக்குச் சொல்வார். "மேட்டுக்காரங்க இந்த வருஷம் பதினாலு கோல் போட்டிருக்காங்க, உங்காளுங்க ஒம்போதுதான். எப்படி ஜெயிப்பீங்க?"

அவருக்கு என்ன தெரியும்! முடி வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு வந்து பேசுகிற ஆள். அணிகளை ஒப்பிட வேண்டுமென்றால் எங்கள் கடைக்கு உள்ளே வந்து பார்க்க வேண்டும். மேட்டுக் கல்லூரித் துணியில் முழங்காலில் பச்சைக் கறை லேசாக இருக்கும். பந்தைக் கைமாற்றுவது போல் காலுக்குக் கால் தள்ளி ஆடுகிறவர்கள், கீழே விழுவது குறைவு. காலுறைகூட ஜோடி ஜோடியாகச் சுருட்டி வரும். ஆற்றங்கரை மூட்டையைத் திறந்தால் அரைக் கிலோ சேறு. வழுக்கி விழுந்தாவது பந்தைப் பிடுங்குகிற கூட்டம். காலுறை ஒற்றைப்படையில்தான் வரும், இன்னொன்று யார் வீட்டில் கிடக்கிறதோ! இதெல்லாம் நானும் அக்காவும் பேசிக்கொள்வது. வெளியே பேசக் கூடாது.

வியாழக்கிழமை மேட்டுக் கல்லூரி மூட்டையைப் பிரித்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். அவர்களுடைய கீப்பர் பயிற்சிக்குப் போடுவது வெளிர் மஞ்சள் ஜெர்சி, மெல்லிய துணி. ஒரு கையில் தோள்வரை சேறு ஊறியிருந்தது. இன்னொரு கை பளிச்சென்று சுத்தம், விளிம்பில் கொஞ்சம் நூல் பிரிந்திருந்தது, அவ்வளவுதான். போன இரண்டு வாரமும் இப்படியேதான் வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. கீப்பர் ஒரு பக்கமாகவே விழுகிறாள் என்றால் மறுபக்கத் தோளில் ஏதோ கோளாறு.

"அக்கா, இந்தப் பொண்ணுக்கு ஒரு கை சரியில்ல, பாத்தியா?"

"துணிய மட்டும் பாரு" என்றாள் அக்கா. அவள் குரலிலேயே தெரிந்தது, அவளுக்கு முன்பே தெரியும் என்று.

இரண்டு நாள் தாங்கினேன். என் கணக்கில் அது பெரிய சாதனை. சனிக்கிழமை காலை குருவி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். என் ஓட்டை வாய் சும்மா இருக்குமா? குனிந்து அவள் காதருகே சொன்னேன்: "பெனால்டி கிடைச்சா கீப்பரோட வலது பக்கமா அடிடி. அவளுக்கு அந்தக் கை தூக்க வராது."

குருவி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பையைத் தோளில் மாட்டினாள். "வரேன் சித்தி" என்று போய்விட்டாள்.

கடைக்குப் போய் மிச்சமிருந்த துணிக்கு இஸ்திரி போட ஆரம்பித்தேன். அந்த மஞ்சள் ஜெர்சி கைக்கு வந்தது. எண் அச்சடித்த ஜெர்சியை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் மூட்டையில் போட வேண்டும், இல்லாவிட்டால் அச்சு உரிந்துவிடும் என்று இரண்டு கல்லூரிகளுக்கும் அக்கா சொல்லி வைத்திருக்கிறாள். துவைத்து முடியும்வரை அப்படியே கிடக்கும். இஸ்திரிக்குத்தான் நேராக்குவோம். நேராக்கி விரித்தேன். நூல் பிரிந்த கை இடது பக்கத்தில் இருந்தது.

 வியாழக்கிழமை நான் பார்த்தது திருப்பிப் போட்ட ஜெர்சியை. அதில் வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். எட்டு வருடமாகத் துணியோடு புழங்குகிற எனக்கு இது தோன்றவில்லையே! கெட்டுப்போனது அந்தப் பெண்ணின் இடது கை. நல்ல கை இருக்கிற பக்கமாகப் பார்த்துக் குருவியை அடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அக்காவிடம் ஒப்பித்துவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஓடிப்போயி திருத்திச் சொல்லிட்டு வந்துடறேங்க்கா."

"என்னன்னு சொல்லுவ? இடது கைதான் சரியில்லன்னா? அப்போ எட்டு வருஷமா நான் காப்பாத்தின சொல்லு என்ன ஆகறது?"

"சித்தி சொன்னத மறந்துடுன்னு மட்டும் சொல்றேன்."

"அவ முட்டாளா? அப்படிச் சொன்னா இன்னொரு பக்கம்னு புரிஞ்சுக்க மாட்டாளா?" அக்காவின் கண் கலங்கிவிட்டது. "மூணு வாரமா எனக்குத் தெரியும்டி. அவ தினமும் பந்தத் தூக்கிட்டுப் போறதப் பாத்துட்டே வாய மூடிட்டு இருந்தேன். பெத்த வயிறு, எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் மைதானத்துக்குப் போனோம்.  என்ன நடந்தாலும் பார்த்துக்கொண்டு இருப்பது என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. சலூன்காரர் எங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். பெனால்டியே வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். என் நேரம், ஆட்டம் முடியப்போகும்போது மேட்டுக்காரப் பெண் ஒருத்தி கோல் முன்னால் கையால் பந்தைத் தடுத்துத் தொலைத்தாள். பந்தை வாங்கி வைத்தது குருவிதான். அக்கா என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்கிவிடும் போல் ஒரு பிடி.

குருவி நாலடி பின்னால் போனாள். ஓடி வந்தாள். அடித்தாள். கீப்பரின் இடது பக்கம், போன வருடம் விட்ட அதே மூலை. கீப்பர் அந்தப் பக்கமே பாய்ந்தாள், விரல் நுனியில் உரசிக்கொண்டு பந்து வலைக்குள் போனது.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் சலூன்காரரையே கட்டிப்பிடித்திருப்பேன், நல்லவேளை, நடுவில் ஒரு வரிசை இருந்தது.

ஆட்டம் முடிந்து குருவி எங்களிடம் வந்ததும், "ஏன்டி, நான் சொன்னதக் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சு சித்தி. அம்மா கடைத் துணியப் பாத்துட்டுத்தான் சொல்றீங்கன்னும் தெரிஞ்சுது. அப்படி ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வந்து அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறது? ஒரு வருஷமா ஒரே மூலைக்குத்தான் அடிச்சுப் பழகினேன். அங்கயே அடிச்சுட்டேன்."

 அக்கா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை மேட்டுக் கல்லூரி மூட்டை வழக்கம்போல் வந்தது. கீப்பர் ஆட்டத்துக்குப் போட்ட ஜெர்சியை இந்த முறை முதலில் நேராக்கிவிட்டுத்தான் பார்த்தேன். இடது கையில் தோள்வரை சேறு. வலியோடு அந்தக் கையை நீட்டியிருக்கிறாள், பாவம். அக்கா அதைத் தனியாக எடுத்து, தோளில் விட்டிருந்த தையலைத் தைத்து, மெஷினில் போடாமல் கையாலேயே துவைத்தாள்.

அன்று கல்லூரி விடுமுறை. குருவி என் மேசையில் சாய்ந்து நின்றாள். "ஆமா சித்தி, அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே வலது கை சரியில்லையா?"

அக்காவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து அழுத்தினேன்.

"துணிய மட்டும் பாருடி" என்றேன்.