ஊமைப் படத்துக்கு நான் வாய்

பேசும் படம் வருவதற்கு முன், மைசூரில் ஒரு கூடாரக் கொட்டகையில் ஊமைப் படங்களுக்குக் கதை சொல்லிப் பிழைத்தேன். கையில் பிரம்போடு திரைக்குப் பக்கத்தில் நின்று, வெள்ளைக்காரர்கள் வாயசைப்பதற்கெல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் நான்தான் பேச வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எனக்கே சொன்ன மாதிரி. ரயில்வேயில் இருந்த அப்பா படுத்த படுக்கையானதிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த வாயால்தான்.

எனக்கு எதிரே டிரம்காரர். திரையில் யார் அடி வாங்கினாலும், உதை வாங்கினாலும், வழுக்கி விழுந்தாலும் அவர் ஒரு ‘டமார்’ கொடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்திருக்கும் தேவராஜ மார்க்கெட் மூட்டைக்காரர்கள் அதைக் கேட்டால்தான் சிரிப்பார்கள். அடிக்கிறவன் கை ஓங்கியதுமே “ஹொடி! ஹொடி!” என்று, அடி அடியென்று கன்னடத்தில் ஏற்றிவிடுவார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது எங்கள் தொழிலுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும்.

அந்த வாரம் வந்தது ஒரு கோணல் படம். முதல் பாதி வெறும் கூத்து: ஏணி சரியும், பசை வாளி தலையில் கவிழும். நடுவில் திடீரென்று விஷயம் வந்துவிடும். போலீசுக்குப் பயந்த வெள்ளைக்காரன் ஒருவன் முகத்தில் கரி பூசிக்கொள்கிறான். அவ்வளவுதான், கறுப்பன் என்று நினைத்து ஓட்டலில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், ரயில் பெட்டியிலிருந்து உதைத்து உருட்டுகிறார்கள். முகம் கழுவ ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் அலைகிறான். உடனே மறுபடி கேக்கை மூஞ்சியில் அப்பும் கூத்து. படம் எடுத்தவனுக்கே பயம் பிடித்துக்கொண்டதோ என்னவோ, எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ரயில் காட்சியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். முதல் வகுப்புப் பெட்டியில் விளக்கு மாட்டப் போன என் அப்பாவை ஒரு துரை பூட்ஸ் காலால் உதைத்து நடைமேடையில் தள்ளினான். அதற்குப் பிறகு அவர் இடுப்பு நிமிரவில்லை. அந்த வாரம் ஒரு நாள் ஆட்டத்தில் என் வாய் கதையோடு நிற்கவில்லை.

“பாத்துக்கங்கப்பா! தோல் கறுப்பா இருந்தா துரைக்குக் கால் தானா தூக்கும். நம்ம மைசூர் ஸ்டேஷன்லயும் இதே பயாஸ்கோப்புதான், தினம் ஓசியில ஓடுது!”

கைதட்டலில் தரை அதிர்ந்தது. பின்னால் நாற்காலியில் ஒரு துரை இருந்தான். பட்லர்களை விரட்டி விரட்டித் தமிழ் பழகியவன் போலிருக்கிறது. நேரே வந்து என் பிரம்பைப் பிடுங்கி முகத்திலேயே ஒன்று வைத்தான்.

டமார் என்றது டிரம்.

எங்கள் நிழல் இரண்டும் திரையில் பெரிதாக விழுந்தன. ஒன்று தொப்பி, ஒன்று தலைப்பாகை. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த அடியில் உதடு கிழிந்தது. டமார். நாக்கில் பல் ஒன்று உருண்டது. டமார்.

“அய்யோ, நெசமாவே அடிக்கிறான்யா! யாராவது வாங்கய்யா!”

சிரிப்பு இரட்டித்தது. அடி வாங்குகிறவனுக்காக நான் தினமும் கத்துகிற வசனம்தானே அது? கன்னடத்தில் அலறினேன். அதற்கும் சிரித்தார்கள். “ஹொடி! ஹொடி!”

செத்துப்போவேன் என்று தோன்றியது. தவழ்ந்து போய் அவன் காலை வாரினேன். பிரம்பைப் பறித்து, விழுந்தவன் கன்னத்தில் என் பலமெல்லாம் திரட்டி ஒரே ஒரு வீச்சு வீசினேன். தொப்பி உருண்டது. தோல் பிளந்து ரத்தம் வந்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஒருவன் மெல்ல எழுந்து துண்டை உதறிக்கொண்டு வெளியே நழுவினான்.

பல்லும் போயிற்று, வேலையும் போயிற்று, ஜெயிலுக்கும் போனேன். அந்தத் துரையின் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. டிரம்காரர் மேல்தான் இன்றும் ஆத்திரம். என் உடம்பில் விழுந்த அடி ஒன்றைக்கூட விடாமல் வாசித்த மனிதர், நான் கொடுத்த ஒரே அடிக்குக் குச்சியைத் தூக்கவில்லை.