நாலாம் ஜன்னலில் கேட்ட கேள்வி

எங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆறு ஜன்னல்கள். மூன்றாவதில் நான், விடுதி அறை ஒதுக்குவது என் வேலை. நாலாவதில் கட்டம் அக்கா. பெற்றோர் வைத்த பெயர் வேறு, மாணவர்கள் வைத்ததுதான் நிலைத்தது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கையால் தொட மாட்டார். "ஒண்ணும் இல்லைன்னா ஒரு கோடாவது போடு. காலியா விட்டா நான் என்னன்னு நினைக்கிறது?" பத்தொன்பது வருடமாக இதே பாட்டு. வீட்டிலும் இதே கதைதானாம். உடம்பு சரியில்லை என்று படுத்த கணவரிடம் எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், இதற்கு முன் உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் அவருக்குக் காய்ச்சலே விட்டுவிட்டதாம். எனக்கு அக்காமேல் பாசம் உண்டு. பொறுமைதான் கிடையாது.

படிப்பைப் பாதியில் நிறுத்துகிறவர்கள், ஒரு வருடம் இடைவெளி கேட்கிறவர்கள், எல்லாரும் நாலாம் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். பஸ் பாஸ் கடிதமும் அங்கேதான். அதனால் வரிசை வாசல்வரை நிற்கும்.

போன வருடம் எங்களுக்கு அரை நாள் பயிற்சி வைத்தார்கள். ஆலோசனை மையத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒல்லியான பெண். மைக் வேலை செய்யாததால் தொண்டை கிழியப் பேசினார். "ஒருத்தர்மேல சந்தேகம் வந்தா சுத்தி வளைக்காதீங்க. தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேராக் கேளுங்க. கேக்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாம எங்ககிட்ட கூட்டிட்டு வாங்க." சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டம். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினோம். அக்கா மட்டும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். 'சந்தேகம் வந்தா' என்பது மட்டும் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது.

மறுநாள் காலை முதலில் வந்தவன் பஸ் பாஸ் கேட்டு வந்தவன்.

"பேரு, துறை, வருஷம், எல்லாம் சரி. செத்துப்போகணும்னு நினைப்பு வருதா?"

"மேடம்?"

"வருதா, வரலையா?"

"பஸ் பாஸுக்கு இதெல்லாமா கேக்கிறாங்க?"

"கேட்டதுக்குப் பதில்."

"வரலை மேடம். இப்பதான் லேசாப் பயமா இருக்கு."

"சரி. அடுத்த ஆள்."

அன்றைக்கு எண்பது பேரைக் கேட்டார். "விடைத்தாள் திருத்தும்போது வரும்" என்று கிண்டலாகச் சொன்ன பேராசிரியரைக் கையைப் பிடித்து ஆலோசனை மையத்தின் வாசல்வரை இழுத்துப்போனார். கையெழுத்துப் போட வந்த பதிவாளரையும் விடவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னையா கேக்கிறீங்க?"

"எல்லாரையும்தான் சார்."

செய்தி கேட்டு ஆலோசகர் ஓடிவந்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது? "எல்லாரையும் கேக்க வேண்டாம் மேடம். முகம் வாடியிருக்கா, பேச்சு மாறியிருக்கான்னு பாருங்க. அப்புறம், வரிசை முழுக்கக் கேக்கிற மாதிரி கேக்காதீங்க."

"முகத்தைப் பாத்தா எனக்குத் தெரியாதும்மா" என்றார் அக்கா. "ரெண்டு வருஷம் முந்தி ஒரு பையன் படிப்பை நிறுத்தறேன்னு வந்தான். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தான். முத்து முத்தா கையெழுத்து. சிரிச்சுக்கிட்டே தேங்க்ஸ் சொன்னான். இப்படி நிரப்பணும்னு அவன் தாளை மத்தவங்களுக்குக் காட்டினேன். மூணாம் நாள் அவன் இல்லை."

நான் குனிந்துகொண்டேன். அந்தப் பையனின் அறையை அடுத்த வாரமே வேறொருவனுக்கு ஒதுக்கியவள் நான். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. குரலைத் தாழ்த்த வேண்டும். கேட்க வேண்டியவரை உள்ளே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு நாற்காலி வேண்டும். பதிவாளர் அறை வாசலில் சும்மா கிடந்த நாற்காலியை எடுத்துவர மூன்று நகல் விண்ணப்பம் கேட்டார் பொருட்கிடங்குக்காரர். அக்கா மூன்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, அவர் போட மறந்த தேதிக்காக அவரையே திருப்பி அனுப்பினார்.

ஆனால் எல்லாரையும் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெற்றோர் சிலர் புகார் எழுதினார்கள். அக்காவைப் பழைய கோப்பறைக்கு மாற்றிவிடலாம், அங்கே கேள்வி கேட்க ஆளே இருக்காது என்று பதிவாளர் முடிவுகட்டி, ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டார்.

அதே புதன்கிழமை, அதே பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். வேதியியல் மூன்றாம் வருடம். ஒரு வருட இடைவெளி கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை வந்தவள். இரண்டு முறையும் 'மீண்டும் சேரும் தேதி' கட்டம் காலி. அக்கா தன் கேள்விக்கே போகாமல் திருப்பி அனுப்பியிருந்தார். இந்த முறை அதில் ஒரு கோடு போட்டிருந்தாள்.

விதிப்படி கோடு செல்லும். நானாக இருந்தால் முத்திரையைக் குத்தி அனுப்பியிருப்பேன். அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த எனக்கே அவர் குரல் பாதிதான் கேட்டது.

"திரும்பி வர்ற தேதியே இல்லையாம்மா? செத்துப்போகணும்னு நினைப்பு வருதா?"

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வருது."

நானூறு பேரிடம் 'இல்லை'யையே கேட்டுப் பழகிய அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயிற்சிக் குறிப்பை எடுத்தார். நெற்றியில் இருந்த மூக்குக்கண்ணாடியை மேசையெல்லாம் தேடினார். அந்தப் பெண்தான் கையைக் காட்டிச் சொன்னாள். மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "'சொன்னதற்கு நன்றி தெரிவிக்கவும்.' சொன்னதுக்கு நன்றிம்மா. 'தனியாக விடக் கூடாது.' விட மாட்டேன்."

அழுதுகொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிச்சுப் பாத்தா சொல்றீங்க?"

"ஆமா. எனக்கு இதான் முதல் தடவை."

"எனக்கும்தான்" என்றாள்.

அக்கா ஜன்னலைச் சாத்தினார். என் ஜன்னலையும் அவரே சாத்தினார். வெளியே முப்பது பேர் கத்தினார்கள். நாங்கள் மூவரும் மாடியில் இருந்த ஆலோசனை மையத்துக்குப் போனோம். ஆலோசகர் இல்லை. எங்கே? அக்காவை மாற்றுவதற்கான கூட்டத்தில்.

"இவ பக்கத்துலயே உக்காரு. எழுந்திரிச்சே, பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா போனார். கூட்டத்துக்குள் நுழைந்ததும் பதிவாளர், "உங்களை இன்னும் கூப்பிடலையே" என்றாராம். "உங்களைப் பாக்க வரலை சார், இவங்கதான் வேணும்" என்று ஆலோசகரின் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார்.

அதுவரை என் பாடு பெரும்பாடு. என்ன பேசுவது? எந்த விடுதி என்று கேட்டேன். சொன்னாள்.

"மூணாவது மாடியா? தண்ணி வராதே."

"வராது. நாலு மாசமா எழுதிப் போட்டுட்டிருக்கோம்."

"அதெல்லாம் என் மேசையிலதான் இருக்கு" என்றேன். வெட்கமாக இருந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

ஆலோசகர் அவளோடு வெகுநேரம் பேசினார். மருத்துவரும் வந்தார். அம்மாவைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். விவரத்தைத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். போன் செய்தது அக்கா. கோப்பில் எழுதுகிற மாதிரியே பேசினார். "பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து பேசறேன். உங்க மகள் தொடர்பா உடனே நேரில் வரவும். விவரம் நேரில் தெரிவிக்கப்படும்." மறுமுனையில் "சரிங்க" என்ற ஒரு சொல்தான். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக அக்காவுக்குப் பெருமை. இடமாற்றத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மாலை நாலு மணிக்கு அந்த அம்மா வந்தார். தையல் வேலை போலிருக்கிறது, அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. அவர் முகத்தைப் பார்த்து வரிசை தானாக விலகியது. நாலாம் ஜன்னலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானம் போன் வந்துச்சு. என் பொண்ணு உயிரோட இருக்காளா?"

மூன்று மணி நேரம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறார். திரும்பப் போன் செய்து கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா எழுந்தேவிட்டார். "இருக்காம்மா. உயிரோட இருக்கா. மாடியில டீ குடிச்சிட்டிருக்கா."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதார். அக்கா கதவைத் திறந்து ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஊரையெல்லாம் நேராக் கேட்டேன், உங்ககிட்ட நேராச் சொல்லத் தெரியலை. மன்னிச்சிடுங்க" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்கள். ஒவ்வொரு படியிலும் அந்த அம்மா "இருக்காதானே?" என்று கேட்டார். ஒவ்வொரு படியிலும் அக்கா "இருக்கா" என்று சொன்னார்.