அக்காவின் படத்துக்கு விலை சொன்னவர்

பழம்பொருள்களைப் பார்த்து விலை மதிப்பிடுவது அவர் தொழில். ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வாயில் பொய் வராது; அதனாலேயே வீட்டுக்கு ஆளும் வராது. ஒரு முறை நண்பர் ஒருவர் விருந்துக்கு அழைத்து, பரம்பரைச் சொத்து என்று ஒரு மேஜையைக் காட்டினார். நம் ஆள் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "இதுக்குப் பத்து வயசுகூட இருக்காது" என்றார். சாப்பாடு ஆறிப்போனது, நட்பும்தான். உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்று தெரிந்தும் சொல்லுகிற ஜென்மம். கல்யாணமும் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன சொல்லித் தொலைத்தாரோ, யார் கண்டது?

அத்தான் இறந்தபின் அக்கா ஒரு பெட்டியும் துணியில் சுற்றிய ஒரு படமுமாக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால மேதை ஒருவர் தீட்டிய 'தாயும் குழந்தையும்' ஓவியம். அக்காவிடம் இருந்தது அதைப் பார்த்து யாரோ வரைந்த பழைய நகல். ரேடியோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டவருக்கு, "உப்பு போதுமாடா?" என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தது. தெருமுனை திரும்பும்போதே ஜன்னலில் விளக்கு தெரியும். அதற்காகவே எட்டி நடை போட்டு வருவார்.

வெளிநாட்டிலிருந்த அக்கா மகள், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி தினமும் போனில் கூப்பிட்டாள். அக்காவிடம் ஒரே பதில்தான்: "அந்தப் படத்த வித்து, உன் பக்கத்துல எனக்குன்னு ஒரு வீடு வாங்க முடிஞ்சா வரேன். உன் வீட்டு மூலையில வந்து உக்கார மாட்டேன்."

"சரி, மாமாவையே விலை சொல்லச் சொல்லு" என்றாள் மகள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்கள். அவர் துணியைப் பிரித்து, வழக்கம்போல் படத்தைத் திருப்பி முதலில் முதுகைப் பார்த்தார். கைத்தறித் துணி, கையால் அடித்த ஆணி. இருநூறு வருடம் தேறும். பிறகு முகத்தைப் பார்த்தார். தாயின் மேலாடை பச்சை. மூலத்தில் அது நீலம். மூலத்தின் மேலே பூசிய வார்னிஷ் நாளடைவில் மஞ்சளேறி நீலத்தைப் பச்சையாகக் காட்டியிருக்கிறது. நகலெடுத்தவர் அதை நம்பிப் பச்சையையே தீட்டிவிட்டார். மூலத்தைப் பிற்பாடு சுத்தம் செய்து நீலத்தை மீட்டுவிட்டார்கள். அந்தப் பழைய கோலத்தைக் காட்ட இப்படி ஒன்றிரண்டு நகல்கள்தான் மிச்சம். சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள்.

வெறும் நகல் என்று சொன்னால் போதும், அக்கா இங்கேயே இருப்பாள். மறுபடி அந்த ரேடியோவோடு உட்கார அவருக்குப் பயமாக இருந்தது.

"நகல்தான்" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், மனுஷன்! "ஆனா சாதாரண நகல் இல்ல. ஒரு வீடு தாராளமா வாங்கலாம்."

"மாமா, நீங்க தெய்வம்! அம்மா, நான் இப்பவே டிக்கெட் போடறேன்!" என்று கத்திவிட்டு மகள் போனை வைத்தாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

"சந்தோஷம்தானேக்கா?" என்றார் அவர்.

"நீ வேற ஏன்டா! இது பத்து காசுக்குப் போகாதுன்னு உங்க அத்தான் சொல்லிக்கிட்டே இருப்பார். அந்த தைரியத்துலதான் நான் அவகிட்ட அப்படி ஒரு கண்டிஷனே போட்டேன்."